பைண்டிங் மெஷின் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் கேட்கும் கேள்விகள்

கல்லூரிகள் இருக்கிற பக்கத்தில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். புதிதாகக் கடை போடுகிறவர்கள், ஆபீசுக்கு ஒரு மெஷின் வாங்கச் சொல்லி மேலிடம் விரட்டுகிற அக்கவுண்டன்ட்கள், மாமா கொடுத்த பணத்தில் தொழில் தொடங்க வந்த பையன்கள் என்று பலரும் ஒரே மாதிரி கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

புதிதாக ஜெராக்ஸ் கடை ஆரம்பிக்கிறேன். முதலில் எந்த மெஷின் வாங்கலாம்?

ஸ்பைரல். யோசிக்கவே வேண்டாம். நம் ஊரில் "பைண்டிங் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மனதில் வைத்திருப்பது ஸ்பைரலைத்தான். முன்னால் ஒரு டிரான்ஸ்பரன்ட் ஷீட், பின்னால் நீலமோ கறுப்போ ஒரு கலர் ஷீட், நடுவில் ரிங். மெஷினும் விலை குறைவு, ரிங்கும் எங்கும் கிடைக்கும், வேலை தெரியாத பையன்கூட ஒரே நாளில் கற்றுக்கொள்வான்.

எல்லோரும் தவறு செய்வது இரண்டாவது மெஷினில்தான். ஸ்பைரல் ஓடத் தொடங்கியதும் கையில் கொஞ்சம் காசு சேரும். உடனே வயரோ வாங்கலாமா, கோம்ப் வாங்கலாமா என்று மனசு அலையும். என்னைக் கேட்டால், இரண்டாவதாக வாங்க வேண்டியது பைண்டிங் மெஷினே இல்லை, நல்ல பேப்பர் கட்டர். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஸ்பைரல், வயரோ, கோம்ப் மூன்றுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

ஸ்பைரல் என்பது ஒரே பிளாஸ்டிக் கம்பி, சுருள் சுருளாகத் துளைக்குள் ஏறிப் போகும். அங்குலத்துக்கு 4 வட்டத் துளை. புத்தகத்தை முழுக்க மடக்கிப் பின்பக்கம் திருப்பலாம், பையில் திணித்தாலும் உடையாது. ஒரே குறை, விரித்து வைத்தால் இடது பக்கமும் வலது பக்கமும் நேர்கோட்டில் இருக்காது. சுருள் சாய்வாக ஏறுவதால் ஒரு பக்கம் கொஞ்சம் மேலே, மறுபக்கம் கொஞ்சம் கீழே நிற்கும். பாட நோட்ஸ் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு பக்கத்தில் நீண்டு வரும் கட்டட வரைபடம் என்றால் ஆர்க்கிடெக்ட் திட்டுவார்.

வயரோ என்பது இரட்டை இரும்புக் கம்பி. மேசை காலண்டரிலும் நல்ல டைரியிலும் பார்த்திருப்பீர்கள். சிவகாசியில் அச்சாகி வரும் மேசை காலண்டர்களில் நிறைய இந்த வகைதான். இரண்டு பக்கமும் நேராக நிற்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஒரு தடவை நசுங்கினால் அவ்வளவுதான், கம்பி பழைய வடிவத்துக்கு வராது. கூரியரில் அனுப்புகிற புத்தகத்துக்கு நான் வயரோ சிபாரிசு செய்வதில்லை.

கோம்ப் என்பது பிளாஸ்டிக் சீப்பு மாதிரி இருக்கும். துளைகள் நீள்சதுரமாக இருக்கும், ஏ4 நீளத்துக்கு 21 வளையம். இதன் ஒரே பெரிய பலம், மெஷினில் வைத்து வளையங்களைத் திறந்து ஒரு தாளை எடுக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம், திரும்ப மூடலாம். கடைக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. ஆபீசுக்கு முக்கியம்.

மூன்றும் ஒரே மெஷினில் வரும் என்று டீலர் சொல்கிறார். வாங்கலாமா?

இடம் குறைவு, வேலையும் குறைவு என்றால் வாங்கலாம். கடைக்கு என்றால் வேண்டாம். ஒருவர் ஸ்பைரல் பஞ்ச் அடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வயரோ மூடக் காத்துக்கொண்டு நிற்பார். கோளாறு வந்தால் மூன்று வேலையும் ஒரே நேரத்தில் நிற்கும்.

வயரோ வாங்கினால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதில் இரண்டு பிட்ச் உண்டு. 3:1 என்றால் அங்குலத்துக்கு 3 துளை, ஏ4-க்கு 34 துளை. இதற்கு வரும் கம்பி 14 மில்லிமீட்டர் வரைதான். சுமார் 110, 120 தாளோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கனம் என்றால் 2:1, ஏ4-க்கு 23 துளை. ஒரு மெஷினின் துளைக்கு இன்னொன்றின் கம்பி சேராது. என் நண்பர் ஒருவர் 3:1 மெஷின் வாங்கிவிட்டு, முதல் ஆர்டராக 250 தாள் மேனுவல் எடுத்துக்கொண்டார். கடைசியில் என்னிடம் வந்து ஸ்பைரல் போட்டுக்கொண்டு போனார்.

வயரோவில் இன்னொரு சின்ன வித்தை. கம்பியை மூடும்போது அதன் வாய் சேரும் இடம் வெளியே தெரியக் கூடாது. அதற்காக, மூடுவதற்கு முன் பின் அட்டையை எடுத்து முன் அட்டைக்கு மேலே கவிழ்த்து வைத்துக் கோர்க்க வேண்டும். மூடிய பிறகு அதைத் திருப்பிப் பின்னால் கொண்டுபோனால், அந்த வாய் கடைசித் தாளுக்கும் பின் அட்டைக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும். இதைச் சொல்லித் தராமல் மெஷினை விற்றுவிட்டுப் போகும் டீலர்கள் நிறையப் பேர்.

"ஒரே தடவையில் 15 தாள் பஞ்ச்" என்று போட்டிருக்கிறதே, நிஜமா?

நிஜம்தான். புது மெஷினில், மெல்லிய தாளில், டீலர் கையால் அடிக்கும்போது. உங்கள் கடையில் பகல் முழுவதும் அடிக்கும் ஆளுக்கு 15 என்றால் 10 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வைத்தால் கைப்பிடி இறங்கும், ஆனால் கடைசி இரண்டு தாளில் துளை முழுதாக வெட்டுப்படாமல் சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகள் தொங்கும். ரிங் ஏறும்போது அவை மாட்டிக்கொண்டு தாள் கிழியும்.

பிளாஸ்டிக் ஷீட்டைத் தாளோடு சேர்த்துப் பஞ்ச் அடிக்கவே கூடாது. தனியாக, ஒன்றோ இரண்டோ வைத்து அடியுங்கள். துளை போடும் பின்னின் முனை மழுங்குவதற்கு முக்கியக் காரணமே அவசரத்தில் ஷீட்டையும் சேர்த்து அடிப்பதுதான்.

அடுத்து ஓரத் துளை. ஏ4 நீளம் 297 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 4 துளை என்றால் அது முழு எண்ணாக வராது, 46-க்கும் 47-க்கும் நடுவில் நிற்கும். தாளை நிறுத்தும் பக்கவாட்டு கைடு சரியாக இல்லாவிட்டால் ஒரு ஓரத்தில் பாதித் துளை விழும். அந்தப் பாதித் துளையிலிருந்துதான் புத்தகம் கிழியத் தொடங்கும். ஆகவே வாங்கும்போது பாருங்கள்: தேவையில்லாத பின்னை வெளியே இழுத்து நிறுத்தும் வசதி இருக்கிறதா? ஏ4, லீகல், ஏ5 மூன்றும் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இது இல்லாத மெஷினை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

மெஷின் பார்க்கப் போகும்போது உங்கள் கடையில் ஓடும் தாளையே ஒரு கத்தை எடுத்துப் போங்கள். டீலர் ஷோரூமில் வைத்திருக்கும் தாளில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் அடிக்கும். உங்கள் தாளில் பத்து வைத்து அடியுங்கள். மேலே இருந்த தாளையும் அடியில் இருந்த தாளையும் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டிலும் துளை ஒரே மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். விரலால் தடவினால் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கக் கூடாது. அப்புறம் ஒரே ஒரு தாளை வைத்து அடித்துப் பாருங்கள். பத்துத் தாளில் சுத்தமாக விழுந்த துளை ஒற்றைத் தாளில் பிய்ந்து வந்தால், பின்னுக்கும் அது இறங்கும் டைக்கும் (அடித் துளைத் தகடு) நடுவில் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

கை மெஷின் போதுமா, மின்சார மெஷின் வேண்டுமா?

ஒரு சின்னக் கணக்கு. 200 தாள் புத்தகம், ஒரு அடிக்குப் பத்துத் தாள். அப்படியென்றால் ஒரு புத்தகத்துக்கு 20 அடி. சீசனில் ஒரு நாளைக்கு 40 புத்தகம் வந்தால் 800 அடி. சாயந்திரம் பையன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மறுநாள் லீவு கேட்பான். தினமும் இந்த அளவு வேலை வந்தால் மின்சார பஞ்ச் எடுங்கள். வருடத்தில் ஒன்றரை மாதம் மட்டும்தான் இந்தக் கூட்டம் என்றால், இரண்டாவது கை மெஷின் ஒன்று வாங்கி இன்னொரு ஆளைப் போட்டுக்கொள்வது மேல். கரண்ட் போனாலும் வேலை நடக்கும்.

எந்தக் கனத்துக்கு எந்த ரிங்?

அட்டவணை எல்லாம் தேவையில்லை. 75, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். 100 தாள் என்றால் 10 மில்லிமீட்டர். இரண்டு ஷீட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். வருவதோடு 3 அல்லது 4 கூட்டினால் ரிங் சைஸ். 150 தாளுக்கு 15, ஷீட்டோடு 16, ரிங் 20.

"பக்கம்" வேறு, "தாள்" வேறு என்பதை மட்டும் கஸ்டமரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 200 பக்கம் என்பார். இரு பக்கமும் அச்சடித்திருந்தால் அது 100 தாள்தான்.

கனமான புத்தகத்தில் ரிங் ஏறாமல் அடம்பிடிக்கும். ரிங் வளைந்து போகிறது, துளைகள் நேராக நிற்கின்றன, அதுதான் காரணம். கத்தையை மேசையில் வைத்து, முதுகுப் பக்கத்தை உள்ளங்கையால் தள்ளிக் கொஞ்சம் சாய்வாக, பிறை மாதிரி வளைத்துக்கொண்டு கோர்த்துப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். கோர்த்து முடித்ததும் இரண்டு முனையையும் பிளையரால் வெட்டி உள்பக்கமாக மடக்க மறக்காதீர்கள். மடக்காத ரிங் ஒரு மாதத்தில் தானே சுழன்று வெளியே வந்து பையைக் கிழிக்கும்.

எங்கள் ஆபீசில் மாதம் இருபது ரிப்போர்ட் வரும். எது வாங்குவது?

வாரத்துக்கு ஐந்து என்றால் எதையும் வாங்காதீர்கள். பக்கத்துக் கடையில் கொடுங்கள். (என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.) வாங்கிய மெஷின் அலமாரி மேலே ஏறி உட்காரும், ரிங் பெட்டி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் வெளியே கொடுக்க முடியாத காகிதங்கள் உண்டு. சம்பளப் பட்டியல், டெண்டர், ஆடிட் ரிப்போர்ட். அதற்கு இரண்டு வழி. கடைசி நிமிஷம் வரை பக்கம் மாறும் ஆபீசுக்கு கோம்ப். மேலதிகாரி ஒரே ஒரு பக்கத்தில் எண்ணை மாற்றச் சொன்னால், திறந்து மாற்றி மூடிவிடலாம். பக்கம் மாறாது, பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்றால் தெர்மல். முதுகில் ஏற்கெனவே பசை ஒட்டிய அட்டையாக வரும். தாளை உள்ளே சொருகி மெஷினில் நிற்க வைத்தால் ஒரு நிமிஷத்தில் சூடாகி ஒட்டிக்கொள்ளும். பஞ்ச் இல்லை, குப்பை இல்லை, சத்தமும் இல்லை. முதுகுக் கனத்துக்கு ஏற்ற அட்டையைத்தான் எடுக்க வேண்டும். 30 தாளை 6 மில்லிமீட்டர் அட்டையில் போட்டால் ஆடிக்கொண்டே இருக்கும்.

காலேஜ் ப்ராஜெக்ட் வேலை பிடிக்க வேண்டும். அதற்கு என்ன வேண்டும்?

முதலில் அந்தக் காலேஜ் என்ன கேட்கிறது என்று வாங்கிப் படியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் விதிமுறையில் கனமான வெள்ளை ஆர்ட் பேப்பர் அட்டை, அதில் கறுப்பு எழுத்து, மடங்கக்கூடிய அட்டையாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இடது மார்ஜின் 35 முதல் 40 மில்லிமீட்டர். பையன்கள் இதைப் படிக்காமல் ஸ்பைரல் போடச் சொல்வார்கள், ரிவ்யூ முடிந்ததும் ஓடி வருவார்கள். ஸ்பைரல் ரிவ்யூவுக்கு, சாஃப்ட் பைண்டிங் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமே உண்டு. அதனால் ஒரே பையன் இரண்டு தடவை வருவான்.

சாஃப்ட் பைண்டிங் என்றால் பெர்ஃபெக்ட் பைண்டிங். அதற்கு க்ளூ பைண்டிங் மெஷின். கத்தையை இடுக்கியில் இறுக்கி, முதுகைக் கீறி, உருகிய பசையைத் தடவி, அட்டையை அழுத்தி ஒட்டும். பசை இவிஏ (EVA) என்ற, சூட்டில் உருகும் வகை. 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும், அதற்கே அரை மணி நேரம் ஆகலாம். காலையில் ஷட்டர் தூக்கியதும் முதல் வேலை இதை ஆன் செய்வதுதான்.

இந்த மெஷினில் உயிர்நாடியே அந்தக் "கீறல்". நான் முதலில் வாங்கியது கீறும் சக்கரம் இல்லாத மலிவு மெஷின். பசை தடவும், அட்டை ஒட்டும், பார்க்க அம்சமாக இருக்கும். ஒரு சீசனில் பதினொரு புத்தகம் வைவா அறையில் வைத்தே பக்கம் பக்கமாகக் கழன்று விழுந்தது. ஒரு பையன் புத்தகத்தை பேப்பர் கட்டு மாதிரி ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து, "அண்ணா, எக்ஸாமினர் நடுவில் விரித்தார், அப்படியே கையோடு வந்துவிட்டது" என்றான். பதினொன்றையும் இலவசமாகத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். தாளின் விளிம்பு வழவழப்பாக வெட்டுப்பட்டிருந்தால் பசைக்குப் பிடிமானம் கிடையாது. விளிம்பைச் சொரசொரப்பாக்கி, பள்ளம் போட்டு, நார் வெளியே தெரிந்தால்தான் பசை உள்ளே இறங்கும்.

மெஷின் பார்க்கப் போகும்போது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு புத்தகம் போடச் சொல்லி, நன்றாக ஆறவிட்டு, சரியாக நடுவில் விரித்து, ஒரே ஒரு தாளைப் பிடித்து நேராக இழுங்கள். தாள் கிழிந்தால் பைண்டிங் நல்லது. முழுசாகக் கழன்று வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இவிஏவைவிட பியுஆர் (PUR, பாலியூரித்தேன்) பசை உறுதியானது என்கிறார்களே?

உறுதிதான். சுமார் 120 டிகிரியிலேயே உருகும், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி இறுகும், அப்புறம் சாதாரணச் சூட்டுக்கு இளகாது. வழவழப்பான ஆர்ட் பேப்பரிலும் பிடிக்கும், அங்கே இவிஏ திணறும். ஆனால் தொட்டியில் மிச்சமிருக்கும் பசையும் அதே போல இறுகிவிடும். தினமும் சுத்தம் செய்ய வேண்டும், காற்று புகாத தனித் தொட்டி வேண்டும். பெரிய அச்சகத்துக்குக் கட்டுப்படியாகும். நாளைக்குப் பத்துப் புத்தகம் போடும் கடைக்கு இல்லை.

இவிஏ போட்ட புத்தகத்தை அக்னி நட்சத்திர வெயிலில் கார் டாஷ்போர்டில் வைக்காதீர்கள் என்று கஸ்டமரிடம் சொல்லிவிடுங்கள். இளகிவிடும்.

க்ளூ மெஷின் வாங்கப் பணம் இல்லை. கையால் போட முடியுமா?

தாராளமாக முடியும், சில சமயம் மெஷினைவிட உறுதியாகவே வரும். கத்தையை நன்றாகத் தட்டிச் சமப்படுத்தி, இரண்டு பலகைக்கு நடுவில் லேசாக இறுக்குங்கள். முதுகு ஒரு அங்குலம் வெளியே நிற்கட்டும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து விசிறி மாதிரி விரித்து ஃபெவிகால் தடவுங்கள். மறுபக்கம் சாய்த்து இன்னொரு தடவை. இப்படிச் செய்தால் பசை ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் மயிரிழை அளவு உள்ளே போகும். நேராக்கி இறுக்கி, மேலே மல் துணித் துண்டு ஒட்டி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஒரே பிரச்சினை நேரம். நாளை வைவா என்று இன்றிரவு எட்டு மணிக்கு வருகிறவனுக்கு இது உதவாது.

கட்டர் ஏன் இரண்டாவதாக வாங்க வேண்டும் என்றீர்கள்?

சாஃப்ட் பைண்டிங் போட்டு மூன்று பக்கமும் வெட்டாத புத்தகம் எண்ணெய் வைக்காத தலை மாதிரி இருக்கும். சென்டர் பின் போட்ட (நடு மடிப்பில் ஸ்டேப்ளர் அடித்த) புத்தகமும் அப்படித்தான். விசிட்டிங் கார்டு, பில் புக், ஏ5 நோட்டீஸ், எல்லாமே கட்டர் வேலை. கட்டர் இருந்தால் பைண்டிங் இல்லாத நாளிலும் காசு வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓட வேண்டும், அங்கே அவர்கள் வேலை முடிந்து உங்கள் வேலையைத் தொட சாயந்திரம் ஆகும்.

கை நெம்புகோலில் இறக்கும் கட்டரே ஒரு ரீம் (500 தாள்) வரை வெட்டும் வகையில் கிடைக்கிறது. கத்தி ஒன்று ஸ்பேர் வாங்குங்கள், ஒன்று சாணைக்குப் போயிருக்கும்போது வேலை நிற்கக் கூடாது. கத்தி மழுங்கிவிட்டதா என்று தெரிய, வெட்டிய கட்டின் மேல் தாளையும் அடித் தாளையும் ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். அளவு மாறியிருந்தால் கத்தி தாளை இழுக்கிறது என்று அர்த்தம். கத்தி வந்து இறங்கும் பள்ளத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குச்சியையும் அவ்வப்போது திருப்பிப் போடுங்கள்.

மின்சார கட்டரில் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடையில் வேலைக்கு நிற்காதீர்கள்.

ஹார்ட் பைண்டிங், தங்க எழுத்து எல்லாம் போட மெஷின் வேண்டுமா?

பிஎச்டி தீசிஸ், பழைய ரிஜிஸ்டர், லைப்ரரி புத்தகம். இது இன்னும் கைவேலைதான், நல்ல பைண்டர் ஒருவர் கிடைத்தால் மெஷினைவிட அவரைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். கிரே போர்டு என்ற கெட்டி அட்டை, மேலே ஒட்ட காலிகோ துணி அல்லது ரெக்ஸின், இறுக்கி வைக்க ஒரு ஸ்குரூ பிரஸ், மைதாப் பசை. பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போடுவார்கள். பூச்சி அரிக்காது. துத்தம் விஷம், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கலந்துவிடாமல் தனியாக வையுங்கள். தங்க எழுத்துக்கு மட்டும் ஒரு ஃபாயில் ஸ்டாம்பிங் மெஷின் வேண்டும். எழுத்துகளைக் கோர்த்து, சூடாக்கி, ஃபாயிலை வைத்து ஒரு அழுத்து. பெயரில் எழுத்துப் பிழை வந்தால் அட்டை முழுதும் வீண். அதனால் மாணவனையே எதிரில் நிற்க வைத்து, கோர்த்ததைப் படிக்கச் சொல்லிவிட்டு அழுத்துங்கள்.

சென்டர் பின் போட என்ன வேண்டும்?

நீளக் கை ஸ்டேப்ளர் ஒன்று போதும். பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 46 பக்கம் கொண்டுவந்தால் இரண்டு காலிப் பக்கம் சேர்த்து 48. தாள் அதிகமானால் உள் தாள்கள் வெளியே பிதுங்கும், மடித்த பிறகு ஓரத்தை வெட்டியே ஆக வேண்டும். மறுபடியும் கட்டர்!

ஏ5 புத்தகம் போட்டால் அட்டை விறைத்து, பக்கங்கள் நெளிகின்றனவே?

தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. ஒரு தாளை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள், அப்புறம் குறுக்கே கிழித்துப் பாருங்கள். எது நேராகக் கிழிகிறதோ அதுதான் நார் போகும் திசை. காப்பியர் ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில் போகும். ஏ4 புத்தகத்தில் அது முதுகுக்கு இணையாக அமைந்துவிடும், சுகமாக விரியும். அதையே பாதியாக வெட்டி ஏ5 ஆக்கினால் நார் முதுகுக்குக் குறுக்காக நிற்கும். பசை ஈரம் பட்டதும் நெளியும், புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். ஏ5 வேலை அடிக்கடி வந்தால் பேப்பர் கடையில் சொல்லி வெட்டுத் தாளாக, நார் பார்த்து வாங்குங்கள். சென்னையில் ஆண்டர்சன் தெரு பேப்பர் கடைகளில் கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

கோர்ட் வேலைக்குத் தனி மெஷின் வேண்டுமா?

வேண்டாம். எங்கள் பக்கத்து வக்கீல் குமாஸ்தாக்கள் ஊசி நூலோடுதான் வருவார்கள். கனத்த கட்டில் துளை போட ஒரு டிரில் இருந்தால் போதும். சுப்ரீம் கோர்ட் 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளில், 75 ஜிஎஸ்எம்-க்குக் குறையாமல், இரு பக்கமும் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறது; இடது வலது மார்ஜின் 4 சென்டிமீட்டர். இருபக்க அச்சில் துளை எந்த ஓரத்தில் விழுந்தாலும் எழுத்து தப்பிக்கும்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கலாமா?

கட்டர் வாங்கலாம், இரும்பு இரும்புதான். ஸ்பைரல் மெஷின் என்றால் மேலே சொன்ன துளைச் சோதனை செய்துவிட்டு வாங்கலாம், அந்த மாடலுக்கான பஞ்ச் பின் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொண்டு. க்ளூ மெஷினை மட்டும் யோசித்து எடுங்கள். தொட்டியின் அடியில் கறுப்பாகக் கருகிய பசை படிந்திருந்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சரியில்லாமல் ஓடியிருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். விற்கிறவர் "பத்து நிமிஷம் போதும் சார்" என்று அவசரப்படுத்தினால் இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்வது கணக்குக்காக மட்டும். மெஷின் 8000 ரூபாய், ஒரு புத்தகத்துக்கு 40 ரூபாய் வாங்குகிறீர்கள், ரிங்கும் ஷீட்டும் 15 ரூபாய் என்றால் நிற்பது 25. 320 புத்தகத்தில் மெஷின் விலை வந்துவிடும். இதே கணக்கை க்ளூ மெஷினுக்குப் போடும்போது, வருடம் முழுக்க ஒரே வேகத்தில் வேலை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். சீசன் தவிர்த்த மாதங்களில் எத்தனை சாஃப்ட் பைண்டிங் வேலையை உண்மையில் திருப்பி அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோது, நினைத்ததில் பாதிகூட வரவில்லை. அதனால்தான் இரண்டாவது க்ளூ மெஷினை ஒரு வருடம் தள்ளிப் போட்டேன்.

ரிங், ஷீட் எவ்வளவு ஸ்டாக் வைக்கலாம்?

8 முதல் 20 மில்லிமீட்டர் வரை எல்லா சைஸும் கொஞ்சம், 25-ல் ஒரு கட்டு. அதற்கு மேல் கனம் வந்தால் இரண்டு பாகமாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள், கஸ்டமருக்கும் தூக்க வசதி. ரிங் பெட்டியை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், வளைந்துவிட்டால் கோர்க்கவே முடியாது. கறுப்பும் நீலமும் நிறைய வாங்குங்கள். வெள்ளை ரிங் வேண்டாம், இரண்டு மாதத்தில் அழுக்கேறிவிடும். என்னிடம் இன்னும் ஒரு பெட்டி அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.